ஜிங்கிஸ்கான்: கம்பளிக்கு வளர்த்த ஆடு கறித்தட்டுக்கு வந்த கதை... கள்ளக்குறிச்சிக்கு இதில் என்ன பாடம்?

பெயரைக் கேட்டால் மங்கோலியப் பேரரசர் ஞாபகம் வரும். தட்டைப் பார்த்தால் சுட்ட செம்மறிக் கறி, சுற்றிலும் வெங்காயம், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் 'ஜிங்கிஸ்கான்' என்று கேட்டால் கிடைப்பது இதுதான்.

ஜப்பானிய உணவு வீடியோக்கள் பார்ப்பவர்களுக்கு அந்தக் கல் பரிச்சயமாக இருக்கும். நடுவில் குமிழ் மாதிரி உயர்ந்து, ஓரத்தில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விட்ட இரும்புக் கல். மேலே கறி வேகும், கீழே காய்கறி வேகும்.

வீடியோவில் வராத கதை ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. 1957-ல் ஜப்பானில் 9 லட்சத்துக்கும் அதிகமான செம்மறி ஆடுகள் இருந்தன. 1976-ல் சுமார் 10 ஆயிரம்தான் மிச்சம். அதாவது 20 ஆண்டுக்குள் நூற்றில் ஒன்றுதான் தேறியது. ஆனால் அந்த ஆட்டை வைத்து உருவான உணவு இன்றுவரை அமோகமாக ஓடுகிறது.

இது எப்படி நடந்தது? கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலை அடிவாரத்திலும் ஆடு வளர்ப்பவர்கள் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜிங்கிஸ்கான் என்றால் என்ன?

செங்கிஸ் கான் என்ற பெயரை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம்தான் ஜிங்கிஸ்கான். மங்கோலியப் படை வீரர்கள் தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதில் கறி சுட்டார்கள், அதனால்தான் கல் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை சுவாரசியம்தான், ஆனால் மங்கோலியாவில் இப்படி ஒரு உணவு கிடையாது. சீனாவின் வடபகுதியில் ஜப்பானியர்கள் பார்த்த சுட்ட ஆட்டுக்கறிதான் இதற்கு முன்னோடி என்பது பரவலான கருத்து.

செய்முறை எளிது. கல் சூடானதும் உச்சியில் ஒரு துண்டு கொழுப்பை வைப்பார்கள். அது உருகி நாலா பக்கமும் வழியும். மெல்லிசாக நறுக்கிய கறியைக் குமிழின் மேல் பரப்புவார்கள். கறியிலிருந்து இறங்கும் சாறும் கொழுப்பும் கீழே பள்ளத்தில் இருக்கும் காய்கறிக்குப் போய்ச் சேரும். காய்கறிக்குத் தனியாக எண்ணெயே வேண்டாம்.

இதில் இரண்டு 'கட்சி' உண்டு. டகிகவா நகரப் பக்கம் ஆப்பிள், வெங்காயம், இஞ்சி சேர்த்த சோயா சாஸில் கறியை முன்கூட்டியே ஊறவைத்துச் சுடுவார்கள். சப்போரோ பக்கம் கறியை அப்படியே சுட்டு, சாப்பிடும்போது சாஸில் தோய்த்துக்கொள்வார்கள். எது ஒரிஜினல் என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. நம்ம ஊர் பிரியாணியில் சீரக சம்பாவா, பாசுமதியா என்பது மாதிரி.

2004-ல் 'ஹொக்கைடோ மரபுச் செல்வங்கள்' பட்டியலில் ஜிங்கிஸ்கான் இடம்பிடித்தது. அங்கே செர்ரி பூக்கும் காலத்தில் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போய் இதைச் சுட்டுச் சாப்பிடுவது வழக்கம்.

அரசாங்கத் திட்டத்திலிருந்து பிறந்த உணவு

ஜப்பானில் செம்மறி ஆடு பூர்விகமான கால்நடை கிடையாது. 1868-க்குப் பிறகு ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் மேற்கத்திய பாணி சீருடை வந்தது. அதற்குக் கம்பளித் துணி வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் சமாளித்தார்கள்.

முதல் உலகப் போர் அந்த வரத்துக்கு அடி கொடுத்தது. பிரிட்டிஷ் பேரரசு கம்பளி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, ஜப்பான் தடுமாறியது. 1918-ல் 'பத்து லட்சம் செம்மறி ஆடு' திட்டத்தை அந்த நாட்டு அரசு அறிவித்தது. ஐந்து இடங்களில் அரசு ஆட்டுப் பண்ணைகள் அமைந்தன. அதில் டகிகவா, ட்சுகிசாமு ஆகிய இரண்டும் ஹொக்கைடோவில் இருந்தவை. ஜிங்கிஸ்கான் அங்கே வேர்விட்டதற்குக் காரணம் இதுதான்.

ரோமத்துக்காக ஆட்டை வளர்த்தாகிவிட்டது. ரோமம் குறைந்து வயதான ஆட்டை என்ன செய்வது? அன்றைய ஜப்பானியர்களுக்குச் செம்மறிக் கறியின் வாடை பிடிக்காது. ஆகவே அரசே முன்னின்று ஆட்டுக்கறிச் சமையலைப் பரப்பியது. 1936-ல் டோக்கியோவில் இதற்கென்றே தனி உணவகம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் துணிப் பஞ்சம். ஹொக்கைடோ விவசாயிகள் வீட்டுக்கு ஒன்றிரண்டு செம்மறி வைத்து, அந்த ரோமத்தில் நூல் நூற்று ஸ்வெட்டர் பின்னினார்கள். ஆடுகளின் எண்ணிக்கை 1957-ல் உச்சம் தொட்டது இப்படித்தான்.

பிறகு ஏன் ஆடு காணாமல் போனது?

இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்தது. ஒன்று, செயற்கை இழை. இரண்டு, இறக்குமதி. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெளிநாட்டு ஆட்டுக்கறிக்கும் கம்பளிக்கும் ஜப்பான் கதவைத் திறந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து கம்பளி விலைக்கு முன்னால் உள்ளூர் ரோமம் நிற்க முடியவில்லை.

லாபம் இல்லாத ஆட்டை வீட்டில் வைத்து என்ன செய்ய? விவசாயிகள் விற்றார்கள். அந்த ஆடுகள் எல்லாம் ஜிங்கிஸ்கான் கல்லுக்குப் போயின. உணவு பிரபலமான அதே காலத்தில்தான் ஆடு அழிந்தது.

2003 கடைசியில் அமெரிக்காவில் 'மாட்டுப் பித்த நோய்' கண்டுபிடிக்கப்பட்டு அந்த நாட்டு மாட்டிறைச்சிக்கு ஜப்பான் தடை போட்டபோது, டோக்கியோ வரை ஜிங்கிஸ்கான் அலை அடித்தது. பலன் யாருக்கு? பெரும்பாலும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து பண்ணைகளுக்கு. ஜப்பானில் இன்று சாப்பிடும் செம்மறிக் கறியில் நூற்றில் ஒரு பங்குகூட உள்நாட்டில் வளர்ந்தது இல்லை.

கள்ளக்குறிச்சியிலும் ஒரு கம்பளி ஆடு

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. 'திருச்சி கருப்பு' என்று ஒரு செம்மறி இனம் இருக்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்பு, சிறிய உருவம், கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. ஊர்ப்புறத்தில் இதைக் கருங்குறும்பை, குறும்பாடு என்பார்கள். பெயரில்தான் திருச்சி. இந்த இனத்தின் தாயகமாகப் பழைய கணக்கெடுப்புகள் சொல்லும் இடங்களில் பெரம்பலூர், அரியலூரோடு அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டமும் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் கம்பளி கிடையாது, முடிதான். வெயில் ஊருக்கு அதுதான் தோது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே சேலம் பக்கம் மேச்சேரி ஆடு, கிழக்கே விழுப்புரம் பக்கம் சென்னை சிவப்பு ஆடு, இரண்டுமே முடி ஆடுகள். மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு. இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நடுவில் இருக்கும் கருங்குறும்பை மட்டும் ரோமம் தரும் ஆடு. ஆனால் அந்த ரோமம் மிக முரடு. சட்டை, ஸ்வெட்டருக்கு ஆகாது, கனமான கறுப்புக் கம்பளிக்குத்தான் ஆகும். ஆடு மேய்ப்பவர் தோளில் கிடக்குமே, மழைக்குக் குடையாகவும் ராத்திரிக்குப் படுக்கையாகவும், அந்தக் கம்பளி. மில் போர்வையும் பாலியஸ்டரும் வந்தபிறகு அதைத் தேடி வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். ஹொக்கைடோ விவசாயிக்கு வந்த அதே சிக்கல்.

நீலகிரியிலும் இதே கதைதான். 19-ம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ உள்ளிட்ட வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது நீலகிரி செம்மறி. தமிழகத்தில் மெல்லிய கம்பளி தரும் ஆடு இது ஒன்றுதான். கம்பளிக்கு விலை போனதும் எண்ணிக்கை சரிந்து, இப்போது ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்பை நம்பி நிற்கிறது.

மலையில் வெள்ளாடு, தரையில் செம்மறி

செம்மறி தலை குனிந்து புல் மேயும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துத் தழை கடிக்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும், எந்த ஆடு எங்கே பிழைக்கும் என்று சொல்லிவிடலாம். கல்வராயன் மலை மாதிரி புதரும் தழையும் உள்ள இடம் வெள்ளாட்டுக்குத் தோது. அறுவடை முடிந்த சமவெளி வயல் செம்மறிக்குத் தோது.

வயலில் செம்மறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிடை போடுவது. ராத்திரி முழுக்க மந்தையை வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இதற்கு நில உரிமையாளர் நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார். செம்மறி வளர்ப்பவருக்கு ரோமம், கிடை, கறி என்று மூன்று வருமானம் இருந்தது. ரோமம் கிட்டத்தட்ட போய்விட்டது. ரசாயன உரம் வந்ததில் கிடையும் சுருங்கிவிட்டது. மிச்சம் கறி மட்டும்தான்.

மேய்ச்சல் நிலமும் ஒரு பிரச்சினை. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஆனாலும் மலையடிவாரத்தில் மந்தை வைத்திருப்பவர்களுக்குக் காடு, புறம்போக்கு, தரிசு என்று மேய்க்கும் இடம் குறைந்துகொண்டேதான் வருகிறது.

இது வெறும் ஆட்டுக் கணக்கு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதற்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரித்தது. சாராயத்துக்கு மாற்று என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் வரும் பதில்களில் ஒன்று ஆடு, மாடு வளர்ப்பு. அந்தப் பதில் நிற்க வேண்டுமானால் வளர்த்த ஆட்டுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும்.

நம்ம ஊர் 'மட்டன்' எந்த ஆடு?

இந்தியாவில் மட்டன் என்றால் வெள்ளாடு, செம்மறி இரண்டும்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறிக் குட்டியின் கறி லேம்ப், முதிர்ந்த செம்மறியின் கறி மட்டன். ஜிங்கிஸ்கானில் முன்பு முதிர்ந்த ஆட்டுக்கறிதான் அதிகம், இப்போது லேம்ப் அதிகம்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 98.9 லட்சம், செம்மறி சுமார் 45 லட்சம். கறிக்கடையில் 'வெள்ளாட்டுக் கறி மட்டும்' என்று போர்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'செம்மறிக் கறி' என்று பெருமையாக எழுதிய போர்டு அபூர்வம். செம்மறி விற்காமல் இல்லை, பெயர் சொல்லாமல் விற்கிறது.

காரணம் கவிச்சி வாடை. அது கறியை விடக் கொழுப்பில்தான் அதிகம். கிளைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்ற ஒரு வகை அமிலம் செம்மறிக் கொழுப்பில் சேர்கிறது. வயது ஏற ஏற அதுவும் ஏறும், கிடாவில் இன்னும் தூக்கலாக இருக்கும். அதனால் இளங்குட்டியில் வாடை குறைவு, கொழுப்பை நீக்கினாலும் குறைவு. ஜப்பானியர்கள் இதற்கு இஞ்சியும் வெங்காயமும் ஆப்பிளும் போட்டார்கள். நாம் இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை போடுகிறோம்.

ஒரு காலத்தில் தமிழனுக்குச் செம்மறி குறைவான கறியாகவும் இருக்கவில்லை. சங்க இலக்கியத்தில் செம்மறிக்குத் 'துருவை' என்று பெயர். கரிகாலன் தன்னிடம் வந்த பொருநருக்குத் துருவைக் கறியை வேகவைத்தும், கம்பியில் கோத்துச் சுட்ட கறியும் பரிமாறியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. ராஜ விருந்தில் இருந்த கறி இன்று போர்டில் பெயர் இல்லாமல் தொங்குகிறது.

வெளிநாட்டு ஆட்டுக்கறி இங்கேயும் வருமா?

வந்துவிட்டது. 2022 டிசம்பர் 29-ல் இந்தியா - ஆஸ்திரேலியா இடையிலான வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலிய செம்மறிக் கறிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரி அன்றே நீங்கியது. கம்பளிக்கான வரியும் நீங்கியது.

அப்படியென்றால் ஜப்பான் கதை இங்கேயும் நடக்குமா? உடனே பயப்படத் தேவையில்லை. இங்கே காலையில் அறுத்த கறியைத்தான் மக்கள் வாங்குகிறார்கள். உறையவைத்த கறி ஸ்டார் ஹோட்டல்களையும் பெரிய நகரங்களின் சில கடைகளையும் தாண்டிப் பெரிதாக வரவில்லை. ஜப்பானில் ஆடு போன அளவுக்கு இங்கே போய்விடாது, ஏனென்றால் நம்முடையவை பெரும்பாலும் கறிக்கான ஆடுகள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. சுட்ட கறி, கிரில், 'லேம்ப் சாப்ஸ்' என்று நல்ல விலைக்குப் போகும் புது மெனுக்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்றுதான். மேச்சேரி, கருங்குறும்பை என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? விலை கூடும் இடத்தில் உள்ளூர் ஆட்டுக்குப் பெயர் இல்லை.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு அரசும் ஆடு கொடுத்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு வீதம், 7 லட்சம் குடும்பங்கள் இலக்கு. ஜப்பானின் 1918 திட்டத்தை விடப் பெரிய எண்ணிக்கை. ஆட்டைக் கையில் கொடுப்பது முதல் படி. அந்த ஆட்டின் கறியை என்ன பெயரில், யாரிடம், என்ன விலைக்கு விற்பது என்பது இரண்டாவது படி. ஹொக்கைடோ அனுபவம் காட்டுவது இரண்டாவது படியின் கனத்தைத்தான். அங்கே உணவுக்குப் பெயர் கிடைத்தது, ஆட்டுக்குக் கிடைக்கவில்லை. சாப்பிடுபவர்கள் 'ஜிங்கிஸ்கான்' கேட்டார்கள், 'ஹொக்கைடோ ஆடு' கேட்கவில்லை. அதனால் எந்த நாட்டுக் கறி வந்தாலும் கல்லில் ஏறியது.

ஆட்டின் இனத்தையும் ஊரையும் சேர்த்தே கறியை விற்பதுதான் இதற்குத் தடுப்பு. ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது சமைத்த உணவுக்கு. நமக்கு வேண்டியது ஒரு படி கீழே, ஆட்டுக்கு. இன்ன இனம், இன்ன வட்டாரம், இன்ன வயது என்று எழுதிய ஒரு சீட்டு கறிக்கடையில் தொங்கினால் அதுவே தொடக்கம்.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும். அந்தக் குமிழ்க் கல் இல்லாவிட்டால் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். நடுவில் கறி, ஓரத்தில் காய்கறி.

கறிக்கடையில் இளம் செம்மறியின் தொடைக்கறியை எலும்பில்லாமல் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெல்லிசாக நறுக்க வரும். சோயா சாஸ், துருவிய ஆப்பிள், வெங்காயம், இஞ்சி, பூண்டு சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் கொழுப்புத் துண்டைத் தேய்த்துவிட்டு, கறியை இரண்டு பக்கமும் சிவப்பு மாறும் வரை சுடவும். வெங்காயம், முட்டைக்கோஸ், குடமிளகாய், பூசணித் துண்டு எல்லாம் சேரும்.

முளைகட்டிய பயறை மறந்துவிடாதீர்கள். ஜப்பானில் இதற்குப் பச்சைப் பயறோடு நம்ம உளுந்தையும் முளைகட்டுகிறார்கள், அதையும் இறக்குமதி செய்துதான். உளுந்தின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருக்கும் உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இட்லிக்கு ஊறப்போட்ட கறுப்பு உளுந்தில் ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் கட்டி வைத்தாலே போதும்.

இரண்டு கவனம். கரி அடுப்பை ஜன்னல் சாத்திய அறைக்குள் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் காப்புக்காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, சட்டப்படி குற்றம்.

செய்து பார்க்கிறீர்களோ இல்லையோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, இது வெள்ளாடா செம்மறியா, எந்த ஊரு ஆடு?" பத்து பேர் கேட்டால் கடைக்காரர் பதில் தெரிந்து வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் போர்டில் எழுதுவார்.